இரண்டு ஆறுகள் கூடும் ஊர்

(பங்கு யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டு என்பது திரும்பிப் பார்க்கும் ஆண்டு. நம் முன்னோர் கட்டிய கோவிலைப் பார்க்கிறோம். கல் சுமந்தவர்களையும், காணிக்கை கொடுத்தவர்களையும், இங்கே உழைத்து மறைந்த குருக்களையும் நினைத்துக் கொள்கிறோம். இது மிகவும் நல்லது. ஆனால் நம் வீட்டை நாமே அளந்து பார்த்தால் அது பெரிய வீடாகத்தான் தெரியும். நம்மைவிட மூத்த வீடு ஒன்றையும் பார்த்துவிட்டு வந்தால், நம் வீட்டில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பது சற்றுத் தெளிவாகும். ஆகையால் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு கிராமப் பங்குக்கு இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அந்தக் கிராமம் பிரான்சு தேசத்தில் இருக்கிறது. அதன் பெயர் காந்த் சேன் மார்த்தேன். நம் மொழியில் சொன்னால், புனித மார்ட்டினின் காந்த் ஊர். பிரெஞ்சுத் திருச்சபைக்கும் தமிழ்த் திருச்சபைக்கும் உறவு புதிதல்ல. 1776-ஆம் ஆண்டு முதல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரி மிஷனில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, நம் மண்ணிலேயே அடக்கமானார்கள். அவர்கள் பிறந்த நாட்டில் கிராமப் பங்கு என்பது எப்படித் தோன்றியது என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் ஊர்களில் ஒன்று இந்தக் காந்த்.

ஊரும் ஆறும்

பிரான்சு நாட்டின் மிக நீண்ட நதி லுவார். அதன் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அது மேற்கு நோக்கி ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. தெற்கேயிருந்து வருகிற வியென் என்ற ஆறு லுவாருடன் சேருமிடத்தில், கரை மேட்டில், காந்த் அமைந்திருக்கிறது. அந்நாட்டுப் பழங்குடியினரின் மொழியில் ஆறுகள் கூடுமிடத்தைக் 'கொந்தாத்தே' என்பார்கள். அதுவே திரிந்து காந்த் ஆயிற்று. நம் ஊர்ப் பக்கம் சொல்வதானால் அது ஒரு கூடல்.

ஊர் மிகச் சிறியது. மக்கள் தொகை இருநூறு பேர் அளவில்தான். அருகே மோன்சொரோ என்ற ஊரின் கோட்டை. சில கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தெவ்ரோ என்னும் பெரிய துறவு மடம். கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் தூர் நகரம். இந்தப் பகுதியின் நிலத்தடியில் துஃபோ என்ற வெள்ளை சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. வெட்டுவதற்கு மென்மையாக இருக்கும். அந்தக் கல்லைத் தோண்டியெடுத்து, கரையோரம் வீடுகளும் கோட்டைகளும் கோவில்களும் கட்டினார்கள். சுவர் வெண்மை, கூரை கருநீலப் பலகைக்கல். லுவார் கரையெங்கும் இதே தோற்றம்.

இரயில் வருமுன் இந்த ஆறுதான் அந்தப் பகுதியின் நெடுஞ்சாலை. திராட்சை இரசமும், உப்பும், கட்டடக் கல்லும், கூரைப் பலகைக்கல்லும் தட்டையான அடியுடைய படகுகளில் ஏற்றப்பட்டன. கீழ்நோக்கிப் போகும்போது நீரோட்டம் படகைக் கொண்டு போகும். மேல்நோக்கி வரும்போது கடலிலிருந்து வீசும் மேல்காற்றுக்குச் சதுரப் பாய் விரித்து, எதிர்நீச்சலாகவே ஏறி வருவார்கள். படகோட்டிகள் தங்கள் பாதுகாவலராகப் புனித நிக்கொலாசைக் கொண்டாடினார்கள். இரயில் பாதை 1846-இல் தூர் நகரத்தையும் 1851-இல் கடலை அடுத்த நாந்த் நகரத்தையும் எட்டியது. பிறகு சில பத்தாண்டுகளில் படகு வாணிகம் அடங்கிப் போயிற்று. அதே காலத்தில் 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருவெள்ளங்கள் லுவார் கரை ஊர்களை வாட்டின. ஆறு கொடுத்தது, ஆறு எடுத்தது. இவ்வளவும் பார்த்த ஊர் காந்த்.

ஆனால் உலகம் இந்த ஊரை அறிந்தது கல்லாலோ படகாலோ அல்ல. ஒரு முதியவர் இங்கே வந்து இறந்தார் என்பதனால்தான்.

போர்வையைப் பங்கிட்ட வீரர்

அந்த முதியவர் தூர் நகர ஆயர் புனித மார்ட்டின். இன்றைய ஹங்கேரி நாட்டிலுள்ள சபாரியா என்னும் ஊரில் நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர். தந்தை உரோமைப் படையில் அதிகாரி. பெற்றோர் கிறிஸ்தவர்கள் அல்லர். போர்த் தெய்வமான மார்ஸ் பெயரையொட்டி இடப்பட்ட பெயர்தான் மார்ட்டின். இத்தாலியில் பாவியா நகரில் வளர்ந்தார். படைவீரர்களின் மக்கள் படையிலேயே சேர வேண்டும் என்ற சட்டப்படி இளமையிலேயே படையில் சேர்க்கப்பட்டார்.

ஆமியென் நகர வாயிலில் நடந்தது நம் மறைக்கல்வி மாணவர்கள் எல்லாரும் அறிந்த கதை. கடுங்குளிர்காலம். ஆடையின்றி ஒரு ஏழை நடுங்கி நிற்கிறான். கொடுக்க மார்ட்டினிடம் வேறொன்றும் இல்லை. வாளை உருவித் தம் போர்வையை இரண்டாக வெட்டி, பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் ஆண்டவர் இயேசு அந்தப் பாதிப் போர்வையை உடுத்தி நிற்கக் கண்டார். அப்போது மார்ட்டின் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை, அதற்கு ஆயத்தம் செய்து கொண்டிருந்தவர் மட்டுமே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

போர்வைக்கு இலத்தீன் மொழியில் 'கப்பா' என்று பெயர். மார்ட்டினின் போர்வை என்று போற்றப்பட்ட துணியைப் பிராங்கு அரசர்கள் பிற்காலத்தில் பொக்கிஷமாகக் காத்தார்கள். அதை வைத்திருந்த இடம் 'கப்பெல்லா'. அதைக் காத்த குரு 'கப்பெல்லானுஸ்'. சேப்பல், சேப்பலின் என்று நாம் இன்று சொல்லும் சொற்கள் அங்கிருந்து வந்தவை. ஓர் ஏழைக்குக் கிழித்துக் கொடுத்த துணியிலிருந்து கோவிலுக்கே ஒரு பெயர் பிறந்தது!

மார்ட்டின் படையை விட்டு விலகி, புவாத்தியே நகர ஆயர் புனித இலாரியாரின் சீடரானார். கி.பி. 361-ஐ ஒட்டி அந்நகருக்கு அருகே லிகுஜே என்னுமிடத்தில் துறவு வாழ்வு தொடங்கினார். சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் தூர் நகர மக்களுக்கு ஆயர் தேவைப்பட்டார். அழைத்தால் வரமாட்டார் என்று தெரிந்ததால், ஒருவர் தம் மனைவி நோயுற்றிருப்பதாகச் சொல்லி அவரை மடத்திலிருந்து வெளியே கூட்டி வந்தாராம். வழியில் காத்திருந்த கூட்டம் அவரைச் சூழ்ந்து கொண்டு ஊருக்குக் கொண்டு போயிற்று. தலை வாராதவர், கந்தை உடுத்தியவர், இவரா ஆயர் என்று சிலர் முகம் சுளித்தார்கள். மக்கள் விடவில்லை. ஆயரான பின்பும் அவர் மாளிகையில் வாழவில்லை. லுவார் கரையில் மார்மூத்தியே என்ற இடத்தில், பாறைக் குகைகளும் மரக் குடில்களுமாக, ஏறக்குறைய எண்பது சீடர்களுடன் வாழ்ந்தார்.

கிராமத்துக்கு வந்த கோவில்

அந்தக் காலத்தில் கிறிஸ்தவ மறை பெரும்பாலும் நகரத்து மறையாக இருந்தது. ஆயர் நகரத்தில், கோவில் நகரத்தில், கற்றவர்கள் நகரத்தில். வயற்காட்டு மக்களைத் தேடி யாரும் பெரிதாகப் போகவில்லை. மார்ட்டின் போனார். நடந்தும், கழுதை மேலேறியும், ஆற்றில் படகிலும் போனார். அவர் ஊர் ஊராகக் கோவில் எழுப்பிய வரலாற்றை, ஆறாம் நூற்றாண்டில் அதே தூர் நகரின் ஆயராயிருந்த புனித கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். லாஞ்சே, அம்புவாஸ் முதலிய ஊர்களோடு காந்தும் அந்த வரிசையில் இருக்கிறது. பிரான்சு நாட்டின் மிகப் பழைய கிராமப் பங்குகளில் இதுவும் ஒன்று என்பதற்கு அதுவே சான்று.

பங்கு என்பதற்கு மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் சொல் 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்நியராய் ஓரிடத்தில் தங்கியிருப்பது என்பது அதன் பொருள். நம் தமிழில் அதைப் 'பங்கு' என்று அழைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! பங்கு என்றால் பகிர்ந்து கொள்வது. போர்வையைப் பங்கிட்டவர் ஊர் ஊராகப் பங்குகளை ஏற்படுத்தினார். ஆனால் நம் மொழியில் அதே வேரிலிருந்து இன்னொரு சொல்லும் உண்டு. அதுதான் பங்காளிச் சண்டை. காந்த் கிராமத்தின் கதையில் இந்த இரண்டும் இருக்கின்றன. அதனால்தான் இன்று அதை எடுத்துக் கொண்டோம்.

கடைசிப் பயணம்

கி.பி. 397. மார்ட்டின் முதுமை எய்திவிட்டார். தமது முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் காந்த் பங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. நோயல்ல, பஞ்சமல்ல, பகைவர் படையெடுப்பும் அல்ல. அந்தக் கோவிலைச் சேர்ந்த குருக்களுக்குள் சண்டை! எதைப் பற்றிய சண்டை என்று வரலாறு சொல்லவில்லை. பங்குச் சண்டைகள் பெரும்பாலும் அப்படித்தான். சண்டை நினைவிருக்கும், காரணம் மறந்து போகும்.

வயதைக் காரணம் காட்டி அவர் வேறொருவரை அனுப்பியிருக்கலாம். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். சாகும் காலத்தில் இது நமக்கெதற்கு என்று இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. திருச்சபையில் சமாதானத்தை நிலைநாட்டிவிட்டுப் போவதே தம் வாழ்வுக்கு நல்ல முடிவு என்று எண்ணிச் சீடர்களோடு புறப்பட்டார். இந்த விவரங்களை நமக்குத் தருபவர் அவர் காலத்திலேயே வாழ்ந்து அவருடைய சரித்திரத்தை எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் என்பவர். மார்ட்டின் இறந்த சிறிது காலத்துக்குள் தம் மாமியாருக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரித்திருக்கிறார்.

சமாதானத்தின் மேல் மார்ட்டினுக்கு இருந்த ஆவல் அன்று புதிதாக வந்ததல்ல. அதற்குச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிசில்லியான் என்பவர் மேல் தப்பறைக் குற்றம் சாட்டி, சில ஆயர்கள் பேரரசரிடம் கொண்டு போனார்கள். மார்ட்டின் அந்தத் தப்பறையை ஏற்றவர் அல்லர். ஆனாலும் திரியர் நகருக்குப் போய், விசுவாச வழக்கில் இரத்தம் சிந்தக் கூடாது என்று பேரரசர் மாக்சிமுஸிடம் மன்றாடினார். அவர் அங்கிருந்த வரை தண்டனை நிறைவேறவில்லை. அவர் போன பின் பிரிசில்லியானையும் அவரைச் சேர்ந்தவர்கள் சிலரையும் கொன்றுவிட்டார்கள். அந்தக் காயம் மார்ட்டினின் மனத்தில் ஆறவே இல்லை. தம் திருச்சபையில் பிளவு என்றால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

காந்துக்குப் போகும் வழியில் ஆற்றின் மேல் நீர்ப்பறவைகள் முக்குளித்து முக்குளித்து மீன் பிடிப்பதைக் கண்டார். எவ்வளவு விழுங்கினாலும் அவற்றுக்குப் போதவில்லை. பசாசுகளும் இப்படித்தான், அறியாதவர்களைப் பதுங்கிப் பிடிக்கும், பிடித்தும் பசி தீராது என்று சீடர்களுக்கு விளக்கினார். பின் அப்பறவைகளை விலகிப் போகச் சொன்னார், அவை கூட்டமாய்ப் பறந்து போயின என்று சுல்பீசியுஸ் எழுதுகிறார். மீன்கொத்திக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் மார்ட்டின் என்ற பெயர் சேர்த்தே வழங்குகிறது.

காந்தில் அவர் சில காலம் தங்கினார். இரு தரப்பாரையும் கேட்டார். சண்டை தீர்ந்தது, சமாதானம் உண்டாயிற்று. மடத்துக்குத் திரும்பலாம் என்று நினைத்தபோது உடலில் வலு இல்லை. சீடர்கள் அழுதார்கள். எங்களை யாரிடம் விட்டுப் போகிறீர்கள், மந்தையில் ஓநாய் புகுந்தால் யார் காப்பது என்று கதறினார்கள். அந்தக் கண்ணீரைக் கண்டு அவரும் அழுதார். ஆண்டவருடைய மக்களுக்குத் தாம் இன்னும் தேவைப்பட்டால் உழைக்கப் பின்வாங்குவதில்லை, ஆனால் ஆண்டவர் சித்தப்படியே ஆகட்டும் என்று செபித்தார். சாகவும் அஞ்சவில்லை, வாழவும் மறுக்கவில்லை.

கடுங்காய்ச்சலில் பல இரவுகள் சாம்பல் மேல் கிடந்தார். வைக்கோலாவது விரிக்கிறோம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் சற்று நோவு குறையும் என்று குருக்கள் சொன்னபோது, பூமியைவிட வானத்தைப் பார்க்க விடுங்கள் என்று கேட்டுக் கொண்டாராம். அவ்வாறே கண்களையும் கைகளையும் வானத்துக்கு உயர்த்தியபடி, நவம்பர் 8-ஆம் நாள் உயிர் நீத்தார். யாருடைய சண்டையைத் தீர்க்க வந்தாரோ, அவர்களே அவருடைய படுக்கையைச் சுற்றி ஒன்றாக நின்றிருப்பார்கள்.

உடலுக்காக ஒரு சண்டை

இத்துடன் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! முடியவில்லை. ஆயர் இறந்த செய்தி பரவியதும் இரண்டு நகரத்தாரும் காந்துக்கு ஓடி வந்தார்கள். ஒரு பக்கம் புவாத்தியே நகரத்தார், மறு பக்கம் தூர் நகரத்தார். அன்று நடந்ததை ஆயர் கிரகோரியார் சுவையாகவே எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊரில் துறவியானார், அங்கிருந்துதான் உங்களுக்குக் கொடுத்தோம், ஆயராய் இருந்தவரை அனுபவித்தீர்களே, இப்போது உடலையாவது திருப்பிக் கொடுங்கள் என்றார்களாம் புவாத்தியேக்காரர்கள். உங்கள் ஊரில் அவர் இறந்தோர் இருவரை எழுப்பினார், எங்கள் ஊரில் ஒருவரைத்தான் எழுப்பினார், அந்தக் குறையை இறந்த பின்னாவது தீர்க்கட்டும், மேலும் ஆயரை அவரது நகரத்தில்தான் அடக்க வேண்டும் என்றார்களாம் தூர் நகரத்தார். சொத்துப் பத்திரத்தை விரித்து வைத்துப் பங்கு கேட்பது போல் புதுமைகளை எண்ணிக் கணக்குப் பார்த்தார்கள்!

பொழுது சாய்ந்தது. உடலை நடுவில் வைத்துக் கதவுகளைப் பூட்டி, இரு தரப்பாரும் காவலிருந்தார்கள். விடிந்ததும் பலவந்தமாய்த் தூக்கிச் செல்வது என்பது புவாத்தியேக்காரர்களின் திட்டம். ஆனால் நள்ளிரவில் அவர்கள் அனைவரும் உறங்கிவிட்டார்கள். தூர் நகரத்தார் உடலைச் சன்னல் வழியாக வெளியே இறக்கினார்கள். வெளியே நின்றவர்கள் வாங்கிப் படகில் ஏற்றினார்கள். வியென் ஆற்றின் வழியே லுவாருக்குள் புகுந்து, சங்கீதம் பாடிக் கொண்டே தூர் நோக்கிப் போனார்கள். அந்தப் பாட்டுச் சத்தத்தில்தான் புவாத்தியேக்காரர்கள் கண் விழித்தார்கள். காவல் காத்த பொருள் கைவிட்டுப் போயிருந்தது. வெட்கத்தோடு ஊர் திரும்பினார்கள்.

நவம்பர் 11-ஆம் நாள் தூர் நகரில் அடக்கம் நடந்தது. அந்த நாளே இன்றளவும் அவருடைய திருநாள். படகு ஆற்றில் ஏறிச் சென்றபோது, குளிர்காலம் தொடங்கியிருந்தும் இரு கரையிலும் செடிகள் பூத்தன என்பது மக்கள் சொல்லி வரும் மரபு. நவம்பரில் வெயில் அடிக்கும் சில நாட்களைப் பிரெஞ்சு மக்கள் புனித மார்ட்டினின் கோடைக்காலம் என்றே அழைக்கிறார்கள்.

வென்றது யார்?

தூர் நகரம் வென்றது என்று நாம் நினைக்கலாம். உண்மையில் அந்நகரம் பெரும் புகழ் பெற்றது. கல்லறை மேல் ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு பேராலயம் எழுந்தது. அரசர்கள் வந்தார்கள், திருப்பயணிகள் திரண்டார்கள். ஆனால் 1562-இல் மதப் போரின்போது புனிதரின் திருப்பண்டங்கள் எரிக்கப்பட்டன. சிறு பகுதிதான் தப்பியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பேராலயம் பாழடைந்து இடிக்கப்பட்டது. அந்த இடத்தின் குறுக்கே தெருவே போட்டுவிட்டார்கள். பழைய கோபுரங்களில் இரண்டு மட்டும் நிற்கின்றன. கல்லறை இருந்த இடத்தை 1860-இல்தான் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இன்றுள்ள புதிய பேராலயம் 1925-இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

உடலை இழந்த காந்த் என்ன ஆயிற்று? அதனிடம் எலும்பு இல்லை, பொன் பேழை இல்லை. அவர் இறந்த இடம் மட்டுமே இருந்தது. அதை அந்தச் சிற்றூர் மறக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, வெள்ளைக் கல்லால் ஒரு பெரிய கோவிலைக் கட்டினார்கள். ஆஞ்சு நாட்டுக் கோத்திக் பாணியில் அமைந்தது அது. மெல்லிய நெடுந்தூண்கள், குடை விரித்தாற்போல் உப்பிய கல் கூரை. வடபுற வாயில் மண்டபத்தின் கூரை முழுவதையும் நடுவில் நிற்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. சுவரில் புனிதர்களின் சுரூபங்கள், அவற்றில் பல சிதைந்திருக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் போர்க் காலத்துக்கு அஞ்சி, கோவிலுக்கே கோட்டை போல் கொத்தளம் வைத்தார்கள். ஆகவே முன்னின்று பார்த்தால் பாதி ஆலயம், பாதி அரண்.

உள்ளே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கேதான் மார்ட்டின் உயிர் நீத்தார் என்பது ஊர் மரபு. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் என்ன சித்திரம் தெரியுமா? தூர் நகரத்தார் உடலைச் சன்னல் வழியாக இறக்கும் காட்சி! தாங்கள் இழந்ததையே சித்திரமாக எழுதி, அதன் வழியாக வெளிச்சம் வரும்படி வைத்திருக்கிறார்கள். பொறாமை உள்ளவர்களுக்கு இது வராது. மன்னித்தவர்களுக்குத்தான் வரும்.

காக்கப்படுவது எது?

இன்று காந்த் ஊருக்குப் பெருமைகள் பல. 1840-இலேயே பிரெஞ்சு அரசு கோவிலை வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. 1982-இல் தோன்றிய 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கத்தின் பட்டியலில் இவ்வூர் உண்டு. 2000-ஆம் ஆண்டில் லுவார் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது காந்தும் அதற்குள் அடங்கியது. புனித மார்ட்டின் பிறந்த ஊர் முதல் அடக்கமான ஊர் வரை அவர் பெயரால் அமைந்த பயணப் பாதையை 2005-இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டுப் பாதையாக ஏற்றுக் கொண்டது.

இவ்வளவும் இருந்தும் ஒரு கேள்வி நிற்கிறது. பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு முன் கட்டப்பட்ட பங்குக் கோவில்கள் பொதுவாக அந்தந்த ஊராட்சியின் சொத்து. வழிபாட்டுக்கு விடப்பட்டிருக்கின்றன. கூரை ஒழுகினால் ஊராட்சியும் அரசும் பார்க்கும். ஆனால் திருப்பலி நிறைவேற்றக் குரு வேண்டுமே, அதில் பங்கு கொள்ள மக்கள் வேண்டுமே! அந்நாட்டில் கிராமப் பங்குகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, பல கோவில்களை ஒரே குருவின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் எல்லாக் கோவிலிலும் பூசை நடப்பது இயலாததாகிவிட்டது. ஒரு காலத்தில் நமக்குக் குருக்களை அனுப்பிய நாடு அது. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. நமக்கும் இது ஓர் எச்சரிக்கை என்று சொல்கிறோம்.

கல்லை அரசு காக்கலாம். பட்டியலில் பெயரைச் சங்கம் காக்கலாம். சமாதானத்தை யார் காப்பது? அதைப் பங்கு மக்கள்தான் காக்க வேண்டும். வேறு எந்த இலாகாவும் வந்து காக்காது.

அன்புப் பங்கு மக்களே! யூபிலி மலரில் நாம் என்ன எழுதுவோம்? கோபுரத்தின் உயரம் எழுதுவோம். மணி எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று எழுதுவோம். எழுத வேண்டியதுதான். ஆனால் எத்தனை குடும்பங்கள் இன்னும் ஒன்றோடொன்று பேசாமல் ஒரே கோவிலின் இரண்டு பக்கங்களில் முழந்தாளிடுகின்றன என்பதை எந்த மலரும் எழுதுவதில்லை. தேர் முதலில் எந்தத் தெரு வழியாகப் போவது, திருநாள் மரியாதை யாருக்கு முதலில், பாடற்குழுவில் யார் முன்னே நிற்பது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று தொடங்கிய பேச்சு, பிள்ளைகளின் கல்யாணம் வரை தொடர்ந்து வருவதை எந்தப் பங்கிலும் காணலாம். புனிதரின் உடலையே கயிறிழுப்பது போல் இழுத்த காலமும் உண்டு என்று காந்த் நமக்குச் சொல்கிறது. அன்று இழுத்தவர்களும் கெட்டவர்கள் அல்லர், பக்தர்களே. பக்தி இருந்தது. பங்கிடும் மனம்தான் இல்லை.

அந்த ஊரில் புனிதர் சாதித்த கடைசிக் காரியம் ஒரு புதுமை அல்ல. சண்டையிட்ட சிலரை உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்தது. இறந்தோரை எழுப்ப நம்மால் முடியாது. இதுவோ நம் எல்லாராலும் முடியும். இதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம், நன்கொடைப் பட்டியலில் பெயர் வேண்டாம். யாரோடு பேச்சு நின்று போயிருக்கிறதோ, அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் துணிவு மட்டும் போதும். யூபிலி ஆண்டில் அடிமைகளை விடுவிக்கவும், கைமாறிப் போன நிலத்தைத் திரும்பக் கொடுக்கவும் பழைய ஏற்பாடு கட்டளையிட்டதை நாம் அறிவோம். மனத்தில் கட்டி வைத்திருக்கும் பழைய கணக்குகளையும் இந்த ஆண்டிலேயே விட்டுவிடலாம் அல்லவா?

இதற்கென்று நாங்கள் ஒன்று வேண்டிக் கொள்கிறோம். விழா முடிந்து பந்தல் பிரிக்குமுன், ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு வீட்டோடு சமாதானமாகட்டும். யார் முதலில் போனார் என்று கணக்கு வைக்க வேண்டாம். பெரியவர்கள் முதலில் போனால் பிள்ளைகள் கற்றுக் கொள்வார்கள். வயது முதிர்ந்து நோயில் நலிந்த மார்ட்டினே முதலில் புறப்பட்டார் என்பதை மட்டும் நினைத்துக் கொள்வோம்.

காந்தில் இரண்டு ஆறுகள் இரண்டு திசையிலிருந்து வருகின்றன. கூடிய பின் எது வியென், எது லுவார் என்று யாரும் பிரிக்க முடியாது. நம் பங்கிலும் பல தெருவார், பல தொழிலார், பல குடும்பத்தார் ஒரே பலிபீடத்தின் முன் கூடுகிறோம். கூடுவது மட்டும் போதாது, கலக்க வேண்டும்.

அந்த அருளைப் புனித மார்ட்டினின் மன்றாட்டால் ஆண்டவர் நமக்கு அளிப்பாராக. பங்கு என்ற பெயருக்கேற்ப நாம் பங்கிட்டு வாழ்வோமாக.